ஷூ மாற்றிய நான்கே மாதத்தில் மறுபடியும் எண்ணெய்: ஒரு பிக்கப் வண்டியின் பின் டிரம் பிரேக்

பின்னணி

கொடைக்கானல் மேல்மலையில் கேரட், பீன்ஸ் ஏற்றி, பழனி மலைப்பாதையில் இறங்கி, ஒட்டன்சத்திரம் சந்தையில் சரக்கை இறக்கும் டீசல் பிக்கப் இது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம். டிரம் சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்; பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களை விரிக்க, அவற்றின் மேல் ஒட்டிய லைனிங் டிரம்மை உரசிப் பிடிக்கும். பின்னால் பட்டை ஸ்பிரிங். சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேஸியில் உண்டு. அதன் கம்பி பின் அச்சான ஆக்சிலோடு பிணைந்திருக்கும். உரிமையாளரே ஓட்டுநர். அவருடைய மனைவியின் தம்பி டிராக்டர் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலையை இவர்கள் இருவரும் வீட்டு முன்னால் இருக்கும் சிமென்ட் களத்தில் செய்தார்கள்.

குறைகள் மூன்று. பெடல் பாதிக்கும் கீழே போன பிறகுதான் பிரேக் பிடித்தது. இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டி வலது பக்கம் இழுத்தது. ஹேண்ட் பிரேக்கை 11 கிளிக் தூக்கினாலும் சரிவில் வண்டி மெல்ல நகர்ந்தது.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் இடது பின்சக்கரத்தின் ஷூக்களையும் வீல் சிலிண்டரையும் மாற்றியிருந்தார்கள். வலப்பக்கத்தைத் தொடவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். சில வாரங்கள் சரியாக ஓடிய வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

கழற்றுவதற்கு முன் தெரிந்தவை

பெடலை ஒருமுறை மிதித்தால் தாழ்வாக இருந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை மிதித்தால் உயரமாக எழுந்து கெட்டியாக நின்றது. நின்ற பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் அது இறங்கவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். லைனில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல் அமுங்கும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விட்டுக்கொடுத்தாலோ எங்காவது கசிந்தாலோ, அழுத்திப் பிடித்த பெடல் மெதுவாகக் கீழே போகும். இரண்டாவது மிதியில் எழுந்து கெட்டியாக நிற்கும் பெடல், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்பதையே காட்டுகிறது. ஆகவே மாஸ்டர் சிலிண்டரில் கை வைப்பதில்லை என்பது அப்போதே முடிவானது.

பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. இடது பின் டயரின் உட்சுவரில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பிய கருந்தடம் தெரிந்தது.

தூக்கி நிறுத்தியது

பின் டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். அப்புறம் வண்டியைப் பிடித்திருப்பவை முன்சக்கரங்களின் கட்டைகள் மட்டும்தான். கருங்கல்லை அணைகொடுப்பது ஊர் வழக்கம். சிமென்ட் தரையில் கல் வழுக்கும். இங்கே ஆப்பு வடிவில் அறுத்த மரக்கட்டைகளை இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் வைத்து, வண்டியை முதல் கியரில் போட்டார்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாயின் அடியில், ஸ்பிரிங் இருக்கைக்கு அருகில் நிறுத்தினார்கள்.

ஸ்டாண்டை சேஸிக்கு அடியில் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. சேஸியைத் தாங்கினால் ஆக்சில் கீழே தொங்கும், வால்வின் கம்பி தளரும். வண்டியின் பின்பக்கம் எடையில்லாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்குக்குப் போகும் ஆயிலைக் குறைத்துவிடும். பிறகு ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றும்போது, சிலிண்டரின் திறப்பான நிப்பிளில் ஆயில் சரியாக வராது. அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றித் தீர்வு தேடுபவர்களும் இருக்கிறார்கள். பட்டறைகளில் அடிக்கடி காணும் கேடு அது.

அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிளின் அட்ஜஸ்ட் நட்டை முழுக்கத் தளர்த்தினார்கள். இதை முதலில் செய்யாமல் ஷூவைத் தொடக் கூடாது.

டிரம்முக்குள் இருந்தது

வலது டிரம் எளிதில் வரவில்லை. உள்விளிம்பில் தேயாமல் நின்ற மேடு ஷூவைப் பிடித்துக்கொண்டது. சுத்தியலால் அடித்து இழுத்தால் ஷூவைப் பிடித்திருக்கும் ஊசிகள் வளையும், அல்லது ஷூக்கள் அமர்ந்திருக்கும் தகடான பேக் பிளேட்டிலிருந்து பிய்ந்து வரும். பேக் பிளேட்டின் ரப்பர் மூடியை எடுத்து, மெல்லிய திருப்புளியால் அட்ஜஸ்டர் லீவரைத் தள்ளிப் பிடித்து, இன்னொரு திருப்புளியால் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி ஷூக்களைச் சுருக்கினார்கள். டிரம் முகத்தில் இருக்கும் இரண்டு மரை ஓட்டைகளில் எம்8 போல்ட்டுகளை மாறி மாறி அரைச்சுற்று திருகியதும் டிரம் நேராக வெளியே வந்தது. இடது டிரம் கையாலேயே வந்துவிட்டது.

உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, கீழே தட்டு வைத்து வழித்து, துணியோடு பையில் கட்டினார்கள்.

வலப்பக்கம்: முன் ஷூவில் லைனிங் 1.5 மி.மீ., பின் ஷூவில் 2.5 மி.மீ. சிலிண்டர் மேலேயும் ஊன்று கீழேயும் உள்ள அமைப்பில் முன் ஷூ டிரம்மின் சுழற்சியாலேயே உள்ளே இழுக்கப்படும், அதனால் முதலில் தேயும். ஆகவே இந்த வேறுபாடு குறையில்லை. டிரம்மில் இரண்டு வரிப்பள்ளங்களும், சூட்டில் நீலம் பாரித்த திட்டுகளும் இருந்தன. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியபோது உள்ளே ஈரம் சொட்டுச் சொட்டாக நின்றது. மெல்லிய கசிவு ஈரம் பொறுக்கத்தக்கது. சொட்டு நின்றால் சிலிண்டரை மாற்ற வேண்டும்.

இடப்பக்கம்: லைனிங் இன்னும் 4 மி.மீ. இருந்தது. ஆனால் கறுத்துப் பளபளத்தது, நகத்தால் கீறினால் தடம் விழுந்தது. எண்ணெயில் ஊறிய லைனிங் பிடிக்காது, பிடிக்காததால் தேயாது. அதன் வேலையையும் சேர்த்து வலப்பக்கம் செய்ததுதான் அங்கே கண்ட சூட்டுத் திட்டுக்கும் தேய்மானத்துக்கும், வண்டி வலது பக்கம் இழுத்ததற்கும் காரணம்.

இரண்டு பக்கமும் ஷூவில் உள்ள ஹேண்ட் பிரேக் லீவர், தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாமல் சற்று முன்னால் இழுபட்டே நின்றிருந்தது. இறுக்கிய கேபிளின் விளைவு அது. லீவர் முழுக்கத் திரும்பினால்தான் தானியங்கி அட்ஜஸ்டர் தன் பல்லைப் பிடித்துத் தள்ளும். கேபிளை இறுக்கி ஹேண்ட் பிரேக்கின் தளர்வை மறைத்ததால் அட்ஜஸ்டர் நின்றுபோய், ஷூ தேயத் தேய இடைவெளி கூடி, பெடல் இறங்கியிருக்கிறது.

எந்த எண்ணெய்?

"சிலிண்டர்தான் மாப்ள மறுபடி போயிருக்கு. போன தடவையும் அதத்தான் மாத்துனாங்க."

"இல்ல மாமா, மோந்து பாருங்க."

இடது பேக் பிளேட்டில் இருந்த எண்ணெயில் கந்தக வாடை தூக்கலாக அடித்தது. பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான கிரவுனில் ஊற்றும் கியர் ஆயிலின் வாடை அது. உறுதிப்படுத்த, ஒரு துளியைத் தண்ணீர் இருந்த கிண்ணத்தில் விட்டார்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இது மிதந்து வட்டமாகப் பரவியது. இடது வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் காய்ந்தே இருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன்பும் கசிந்தது சிலிண்டர் அல்ல, கிரவுன் ஆயில் சக்கரப் பக்கம் வராமல் தடுக்கும் ஆக்சிலின் ஆயில் சீல் என்றே கொள்ள வேண்டும். நல்ல சிலிண்டரை மாற்றி, புதிய ஷூவைப் பழைய கசிவுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். டிரம்முக்குள் ஈரத்தைக் கண்டதும் சிலிண்டர் என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான வழக்கம். ஒரு கிண்ணம் தண்ணீரில் தீரும் ஐயம் இது.

சீல் ஏன் விட்டுக்கொடுத்தது என்று பார்த்தபோது கிரவுன் ஹவுசிங்கின் மேலுள்ள பிரீதர் மூடி சேறு காய்ந்து, அதன் மேல் பெயின்ட்டும் பூசி, அசையாமல் இருந்தது. மலை ஏறி இறங்கும்போது கிரவுன் சூடாகி உள்ளே காற்று விரியும். அது வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். சீலை மட்டும் மாற்றியிருந்தால் புதிய சீலும் அதே வழியில் போயிருக்கும்.

எதை மாற்றுவது, எதை வெளியே கொடுப்பது

நான்கு ஷூக்களையும் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் உராய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. பழைய ஷூத் தகட்டில் லைனிங் அடித்து வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. தகடு வளையாமல் இருந்தால் அது நல்ல வழிதான். ஆனால் இரண்டு பக்கத் தகடுகளும் வெவ்வேறு காலத்தவை என்பதால் ஒரே தயாரிப்பின் முழு செட் வாங்கினார்கள். எண்ணெய் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிக் கொளுத்திவிட்டு மறுபடி மாட்டலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கொளுத்தினால் மேற்பரப்பு மட்டும்தான் காயும். இறக்கத்தில் சூடேறியதும் துளைகளுக்குள் இருக்கும் எண்ணெய் மேலே வரும். பிசினும் கருகி லைனிங் உதிரும். அந்த யோசனை அங்கேயே விடப்பட்டது.

வாங்கியவை: பின் ஷூ முழு செட், ஸ்பிரிங்–ஊசி–கிண்ணம் அடங்கிய கிட் இரண்டு பக்கத்துக்கும், வலது வீல் சிலிண்டர், இரண்டு ஆக்சில் ஆயில் சீல்கள், பிரீதர், மூடி உடைக்காத டாட் 3 பிரேக் ஆயில் அரை லிட்டர் பாட்டில்கள் இரண்டு, 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில், பிரேக் கிளீனர், சூடு தாங்கும் கிரீஸ். இடது வீல் சிலிண்டர் நான்கு மாதப் பழசு, காய்ந்திருக்கிறது, அதை விட்டுவைத்தார்கள். இந்த முடிவு பின்னால் திரும்பி வந்தது.

டிரம்கள் லேத் பட்டறைக்குப் போயின. டிரம்மில் பொறித்திருந்த உச்ச அளவு 256 மி.மீ.; புதிதில் 254. வலது டிரம் பள்ளத்தில் 255.1, இடது 254.7. இரண்டையும் ஒரே அளவாக 255.4-க்குக் கடைந்தார்கள், மேலும் தேய 0.6 மி.மீ. மிச்சம். கடைந்த பிறகும் நீலத் திட்டு மேடாகப் பளபளத்திருந்தால் அந்த டிரம்மைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்; இங்கே திட்டுகள் போய்விட்டன. கடைந்த டிரம்மை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரும்புத் துகள் வரிகளில் ஒட்டியிருக்கும், கிளீனர் தெளித்தால் மட்டும் முழுக்கப் போகாது.

ஆக்சிலும் சீலும்

இந்த வண்டியில் ஆக்சில் தண்டைப் பிடித்திருப்பவை பேரிங்கின் தட்டும் நான்கு நட்டுகளும். தண்டின் முகத்தில் இருக்கும் ஓட்டை வழியாக ஒவ்வொரு நட்டாக எட்டலாம். நட்டுகளை எடுத்த பிறகும் பேரிங் ஹவுசிங்கில் இறுகியிருக்கும். இழுப்பான் இல்லாதவர்கள் பயன்படுத்தும் வழியையே இவர்களும் கையாண்டார்கள்: டிரம்மைத் தலைகீழாகத் திருப்பி ஸ்டட்டுகளில் நுழைத்து, நட்டுகளை நுனியில் மட்டும் போட்டு, டிரம்மை வெளிப்பக்கம் நான்கைந்து முறை விசையோடு இழுத்து நட்டுகளில் மோதவிட்டால் தண்டு கிளம்பிவிடும். லேத்துக்கு அனுப்பும் முன் செய்த வேலை இது. கடைந்த டிரம்மை இப்படி மோதவிடுவது சரியல்ல.

தண்டை உருவும்போது அதன் எடையைக் கையில் தாங்கினார்கள். கீழே தட்டும் வைத்திருந்தார்கள், கிரவுனிலிருந்து ஆயில் வழியும். பேரிங்கைச் சுற்றிப் பார்த்ததில் கரகரப்பில்லை, ஆட்டமும் இல்லை. கரகரத்திருந்தால் அழுத்து இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்டில் இறுகிய பேரிங்கை வீட்டில் சுத்தியலால் ஏற்றி இறக்கக் கூடாது.

பழைய சீலின் ரப்பர் உதடு விறைத்து, ஓரிடத்தில் வெடித்திருந்தது. தண்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவியதில் பள்ளம் சிக்கவில்லை. மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு அந்த இடத்தைச் சுற்றிலும் மெருகேற்றினார்கள். நீளவாட்டில் தேய்த்தால் கீறல் வழியே எண்ணெய் ஊறும். புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்நோக்கி இருக்க வேண்டும். சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான இரும்புக் குழாய்த் துண்டை வைத்து, சாயாமல், பழைய சீல் இருந்த ஆழத்துக்குத் தட்டி இறக்கினார்கள். உதட்டில் கியர் ஆயில் தடவிவிட்டு, தண்டின் பற்கள் உதட்டில் உரசாதபடி ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றவர் உள்ளே செலுத்தினார். புதிய சீல்கள் முதல் நாளே கசிவதற்கு இந்த இடத்தில் அவசரப்படுவதுதான் பெரும்பாலும் காரணம்.

வலப்பக்கச் சீல் கசியவில்லை. ஆனாலும் அதே வயது, அதே அழுத்தத்தைத் தாங்கியது என்பதால் அதையும் மாற்றினார்கள். பிரீதரைப் புதிதாகப் போட்டு, கிரவுனின் நிரப்பு ஓட்டையின் கீழ்விளிம்பு வரை கியர் ஆயில் ஊற்றினார்கள். அதற்கு மேல் ஊற்றினால் மறுபடி சீலுக்குத்தான் சிரமம். இந்த வேலையை வண்டி சமமாக நிற்கும்போது செய்ய வேண்டும்.

ஷூ மாட்டியது

ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைக் கலைத்தார்கள். கைபேசியில் படம் எடுத்திருந்தாலும், எந்த ஸ்பிரிங்கின் கொக்கி எந்த ஓட்டையில் எந்தப் பக்கமாக நுழைகிறது என்பதை எதிர்ப்பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே எளிது.

பேக் பிளேட்டில் ஷூவின் விளிம்பு சறுக்கும் ஆறு மேடுகள் உண்டு. அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ சிக்கிக்கொண்டு திரும்பாது. இங்கே இரண்டில் லேசான தடம் இருந்தது. அரத்தால் சமமாக்கி, ஆறிலும் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவினார்கள். இடது பேக் பிளேட்டை மூன்று முறை கிளீனரால் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாதவரை துடைத்தார்கள். சிலிண்டர் ரப்பரில் மண்ணெண்ணெயோ டீசலோ படவிடக் கூடாது. படவிட்டால் ரப்பர் ஊதிவிடும்.

நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டர்கள் இரண்டு பக்கமும் ஒன்று போலவே தெரியும், ஆனால் மரையின் திசை வேறு. இடம் மாற்றி மாட்டினால் தானியங்கி லீவர் ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டும். அவற்றைக் கழற்றி, மரையைத் துலக்கி, நுனிவரை கையால் சுற்றும்படி கிரீஸ் போட்டு அதனதன் பக்கத்திலேயே வைத்தார்கள்.

டிரம் இல்லாமல் பெடலை மிதித்தால் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். வேலை முடியும்வரை ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டிவைத்தார்கள், வீட்டுப் பிள்ளைகள் உட்பட யாரும் ஏறி உட்காராதபடி.

வலது வீல் சிலிண்டரை எடுக்கும்போது பைப் நட்டைச் சாதாரண ஸ்பானரால் திருகவில்லை. துரு ஏறிய 10 மி.மீ. நட்டு மழுங்கிவிடும், பிறகு பைப்பையே மாற்ற வேண்டியதாகும். துருநீக்கித் தெளித்து ஊறவிட்டு, பைப் நட்டுக்கென்றே உள்ள, ஐந்து முகத்தையும் பிடிக்கும் ஸ்பானரால் திருகினார்கள்.

புதிய ஷூ மாட்டி டிரம்மை நுழைத்ததும் பெடலை மெதுவாகச் சில முறை மிதித்து ஷூக்களை நடுவில் அமரவைத்தார்கள். பின் நட்சத்திரச் சக்கரத்தை டிரம் பூட்டிக்கொள்ளும்வரை திருப்பி, கையால் சுற்றினால் லேசான உரசல் மட்டும் கேட்கும் வரை பின்னோக்கி விட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு உரசல். கடைசியாகத்தான் கேபிள்: 6 கிளிக்கில் பிடிக்கும்படி நட்டை இறுக்கினார்கள். கேபிளை இறுக்கிய பிறகு சக்கரம் முன்னைவிட இறுக்கமாகச் சுற்றினால் கேபிள் மிகையாக இறுகிவிட்டது என்று பொருள்.

ஏர் எடுத்தது

இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன். திறந்தது பின் லைன் மட்டும் என்பதால் பின்சக்கரங்களில் மட்டும் ஏர் எடுத்தால் போதும். ஆனால் டப்பாவில் இருந்த ஆயில் கறுத்திருந்ததால் நான்கு சக்கரங்களிலும் புதிய ஆயில் வரும்வரை எடுத்தார்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. சுமையோடு மலை இறங்கும் வண்டிக்கு இது உயிர் விஷயம்.

பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, பெடல் தரையைத் தொடாதபடி செய்தார்கள். அன்றாடம் போகாத ஆழத்துக்கு மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரைத் தள்ளினால் அங்கே படிந்த துரு அதைக் கிழிக்கும். நல்ல மாஸ்டர் சிலிண்டர்கள் ஏர் எடுக்கும் நாளில்தான் கெடுகின்றன என்று பட்டறைகளில் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டிப் பார்த்தது

சக்கர நட்டுகளைக் குறுக்குமறுக்காக, வண்டியின் கையேடு சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் நின்றது. ஆளில்லாத நேர்ச்சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் போடுவது, பிறகு ஆறவிட்டு ஓட்டுவது என்று இருபது முறை செய்தார்கள். கடைந்த டிரம்மில் புதிய லைனிங் முதலில் நடுவில் மட்டுமே தொடும். முழு முகமும் படியும்வரை பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். அதனால் முதல் சில நாட்கள் மலைக்குப் போகாமல், சுமை இல்லாமல் ஓட்டினார்கள்.

இழுப்பு பெருமளவு போயிருந்தது, முழுதாகப் போகவில்லை. மண்சாலையில் அழுத்திப் பிடித்தபோது வலது பின்சக்கரம் இடதைவிட முந்தித் தேய்த்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் டிரம்மின் வெளிமுகத்தை அளந்தபோது வலது 92 டிகிரி, இடது 68. இரண்டு பக்கமும் ஒரே ஷூ, ஒரே அளவு டிரம், ஒரே இடைவெளி.

முதலில் சீல் மறுபடி கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு இடது டிரம்மைக் கழற்றினார்கள். உள்ளே காய்ந்திருந்தது. மிச்சமிருந்த வேறுபாடு சிலிண்டரில்தான். புதிய வலது சிலிண்டரின் உடம்பில் 13/16 என்று வார்த்திருந்தது. இடது சிலிண்டரின் தூசியைத் துடைத்துப் பார்த்தால் 3/4. அங்குலக் கணக்கில் உட்துளையின் விட்டம் அது: 20.64 மி.மீ.-க்கு எதிராக 19.05. விட்டத்தில் சிறிய வேறுபாடுதான், ஆனால் விசை பரப்பளவைப் பொறுத்தது. ஒரே அழுத்தத்தில் இடது ஷூக்களுக்குச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவே விசை போயிருக்கிறது. இரண்டும் வெளியளவில் ஒன்று, ஒரே போல்ட் ஓட்டை, ஒரே பைப் மரை. அதனால் தவறான சிலிண்டர் எந்தத் தடையும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

இடப்பக்கத்துக்கும் 13/16 சிலிண்டர் வாங்கி மாட்டினார்கள். லைனிங்கில் ஆயில் படாதபடி ஷூக்களைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுவைத்தே வேலை நடந்தது. பின் லைனில் மட்டும் மீண்டும் ஏர் எடுத்தார்கள். அடுத்த ஓட்டத்தில் இரண்டு டிரம்களுக்கும் 4 டிகிரி வேறுபாடு, இழுப்பு இல்லை.

ஒரு மாதத்துக்குப் பின்

முழுச்சுமையோடு மலை இறங்கிய ஒரு மாத ஓட்டத்துக்குப் பிறகு டிரம்களைக் கழற்றிப் பார்த்தார்கள். லைனிங் ஏறத்தாழ முழு முகமும் தொட்டுத் தேய்ந்திருந்தது. இடது பேக் பிளேட் காய்ந்திருந்தது. ஹேண்ட் பிரேக் 6 கிளிக்கிலேயே நின்றது. அட்ஜஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. கிரவுன் ஆயில் மட்டம் குறையவில்லை.

மாற வேண்டியவை

இடது சிலிண்டரைப் புதியது என்று நம்பி விட்டுவைத்தது இந்த வேலையை இரண்டாகப் பிளந்தது. முதல் நாளே இரண்டு பக்க எண்களையும் துடைத்துப் படித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். வேறொருவர் முன்பு மாட்டிய எந்தப் பாகத்தையும் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது: சிலிண்டரின் எண், ஷூவின் அகலம், ஸ்பிரிங்கின் நிறம், அட்ஜஸ்டரின் மரை. கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எந்த அளவும் வரலாம். பழைய சிலிண்டரைக் கையில் கொண்டுபோவது நல்லது. அதிலும் தயாரிப்பு நிறுவனம் மாட்டிய பழைய சிலிண்டரையே கொண்டுபோக வேண்டும். இந்த வண்டியில் இடப்பக்கப் பழசைக் கொண்டுபோயிருந்தால் மறுபடியும் 3/4 தான் வந்திருக்கும்.

லேத்துக்குக் கொடுக்கும் முன் டிரம்மில் இடது, வலது என்று குறிக்கவில்லை. இரண்டும் ஒரே அளவாகக் கடையப்பட்டதால் இம்முறை சிக்கல் வரவில்லை. மரை ஓட்டையின் அருகே பஞ்ச் புள்ளி ஒன்று போதும்.

பிரீதரை மாற்றியதோடு நிறுத்தாமல், அதன் வாயில் ரப்பர் குழாய் மாட்டிச் சேஸியின் மேல்விளிம்பு வரை கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டியிருக்கலாம். மேல்மலைச் சாலைகளின் சேறு அந்த உயரத்துக்கு எட்டாது. பிறகு நடந்த ஆயில் சர்வீஸின்போது இதைச் செய்தார்கள். குழாயில் மடிப்பு விழுந்தால் மூடிய பிரீதருக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்பதால், கட்டிய பிறகு நுனியில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார்கள்.